குளிர்காலத்தில் காட்டுச் செடிகளை வகைப்படுத்துவது எப்படி? மொட்டைத் தேடிப் போகும் முழுமையான வழிகாட்டி

பூ இல்லாத செடியை அடையாளம் காண முடியாது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். களக் கையேடுகளும் அப்படித்தான் இருக்கின்றன: வெள்ளைப் பூ ஒரு பகுதி, மஞ்சள் பூ ஒரு பகுதி, நீலம் ஒரு பகுதி. வட ஐரோப்பாவில் நவம்பர் பிறந்துவிட்டால் அந்தப் புத்தகங்களுக்கு வேலையில்லை. ஆனால் ஒரு காட்டுச் செடி எப்படிப் பிழைக்கிறது என்பது துலக்கமாகத் தெரிவதே நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில்தான். பூவைப் பார்த்தால் அதன் உறவுக்காரர்கள் யாரென்று தெரியும். குளிரை அது எப்படித் தாண்டுகிறது என்று தெரிய வேண்டுமானால் மொட்டைத் தேட வேண்டும்.

மொட்டு என்றால் இங்கே பூமொட்டு மட்டும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த வசந்தத்தில் கிளையாகவோ இலையாகவோ பூவாகவோ விரியப்போகிற, இப்போது மடிந்து கிடக்கிற வளர்முனை எல்லாமே மொட்டுதான்.

களமாக டென்மார்க்கை எடுத்துக்கொள்கிறேன். குளிர்காலத்தையே அளவுகோலாக வைத்துச் செடிகளைப் பிரிக்கும் முறை பிறந்த இடம் அது. எண்பதுகளில் ஈழத்திலிருந்து போன தமிழர்கள் பலர் டென்மார்க்கின் மேற்குப் பகுதியான ஜட்லாந்தில் ஹெர்னிங் போன்ற ஊர்களில் குடியேறினார்கள். கீழே வரும் செடிகளில் பெரும்பாலானவை அவர்கள் வீட்டுக்குப் பக்கத்துப் புல்தரையிலும் காட்டிலும் இருப்பவை. சுவீடன், ஜெர்மனி, இங்கிலாந்து என்று எங்கே இருந்தாலும் இதே முறை பயன்படும். கனடாவில் இனங்கள் மாறும், முறை மாறாது.

படி 1: இரண்டு கேள்விகளைப் பிரித்து வையுங்கள்

செடிகளை வகைப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்வதுதான் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு வரும் முதல் சிக்கல்.

ஒன்று உறவுமுறை. லின்னேயஸ் 1753-இல் ஒவ்வொரு செடிக்கும் பேரினம், சிற்றினம் என்று இரட்டைப் பெயரை நிலைநிறுத்தினார். பூவின் மகரந்தத் தாள்களை எண்ணி அவர் போட்ட வகுப்புகள் பின்னால் கைவிடப்பட்டன. பெயரிடும் முறை மட்டும் நிலைத்தது. இன்றைக்குக் குடும்பங்களை டிஎன்ஏ ஒப்பீட்டை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ஏபிஜி என்று அழைக்கப்படும் அந்த வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு 2016-இல் வந்தது.

இன்னொன்று வாழ்வுவடிவம். யார் யாருக்கு உறவு என்பதைக் கண்டுகொள்ளாமல், எது எப்படி வாழ்கிறது என்று மட்டும் கேட்பது. கிறிஸ்டன் ரௌங்கியேர் என்ற டேனிஷ் தாவரவியலாளர் (1860–1938) இதற்கு ஒரே ஒரு கேள்வியை வைத்தார்: வருஷத்தின் மிக மோசமான பருவத்தில் இந்தச் செடியின் மொட்டு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? மேற்கு ஜட்லாந்தின் ஹீத் நிலத்துப் (குட்டைப் புதர்கள் மண்டிய வறண்ட வெளி) பண்ணையொன்றில் பிறந்தவர் அவர். 1904-இல் இதை முன்வைத்து, 1907-இல் விரிவாக எழுதினார். பின்னர் கோபன்ஹேகனில் பேராசிரியராகவும் இருந்தார்.

இந்த இரண்டு வழிகளும் எவ்வளவு விலகிப் போகும் என்று பார்க்க ரனன்குலஸ் குடும்பம் போதும். அதே குடும்பத்தில் கிளெமாட்டிஸ் கொடி மரத்தின் மேல் ஏறி அங்கேயே மொட்டு வைக்கிறது. புல்தரையில் படரும் மஞ்சள் பட்டர்கப் தரைமட்டத்தில் வைக்கிறது. காட்டு ஆனிமோனி மண்ணுக்குள் ஒளிக்கிறது. நீர் ரனன்குலஸ் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. மௌஸ்டெயில் என்ற சின்னச் செடிக்கோ வருஷத்தோடு ஆயுள் முடிந்துவிடுகிறது, விதை மட்டும்தான் மிச்சம். ஒரு குடும்பம், ஐந்து வழிகள். மறுபக்கம் டாண்டிலையன், பிளான்டேன் (வாழை அல்ல, புல்தரைச் செடி), நெட்டில் மூன்றும் மூன்று வேறு குடும்பங்கள். மூன்றுமே ஒரே இடத்தில் மொட்டு வைக்கின்றன.

ஆகவே குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் போட்டுக்கொள்ளுங்கள். ஒன்றில் பெயரும் குடும்பமும், இன்னொன்றில் வாழ்வுவடிவம். பெயர் தெரியாவிட்டால் முதல் பத்தியைக் காலியாக விட்டுவிட்டு இரண்டாவதை நிரப்பலாம். குளிர்காலத்தில் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும், அதில் குற்றமில்லை.

படி 2: கொண்டுபோக வேண்டியவை

ஒரு ஸ்கேல், பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ், பென்சில் (குளிரில் பேனா மை மக்கர் பண்ணும்), குறிப்பேடு. விரல் நுனி வெளியே தெரியும் கையுறை இருந்தால் நல்லது. மண்வெட்டி வேண்டாம். காய்ந்த இலைச்சருகை விரலால் ஒதுக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப மூடிவிட்டால் போதும். டென்மார்க்கில் காட்டு ஆர்க்கிடுகள் அனைத்தும் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, அவற்றைத் தோண்டக் கூடாது. சட்டத்தை விடுங்கள், சருகைத் திறந்தபடி விட்டு வந்தாலே அந்த மொட்டு அடுத்த உறைபனியில் செத்துப்போகலாம்.

படி 3: மொட்டு எங்கே?

இதுதான் இந்த வழிகாட்டியின் நடுப்பகுதி, நேரத்தை இங்கே செலவிடுங்கள். செடியின் முன்னால் குனிந்து, நுனியிலிருந்து கீழே இறங்கியபடி உயிருள்ள மொட்டைத் தேடுங்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறினால் பச்சை தெரிய வேண்டும். பழுப்பாக, உலர்ந்து இருந்தால் அந்தத் தண்டு இறந்துவிட்டது, இன்னும் கீழே போங்கள்.

தரையிலிருந்து 25 செ.மீ.க்கு மேலே உயிருள்ள மொட்டு இருந்தால் அது ஃபேனரோஃபைட். மரங்களும் புதர்களும் இதில் வரும். இவற்றையே உயரத்தை வைத்து 2 மீட்டர், 8 மீட்டர், 30 மீட்டர் என்ற கோடுகளில் ரௌங்கியேர் மேலும் பிரித்தார். குளிரையும் காற்றையும் நேருக்கு நேர் வாங்குகிற கூட்டம் இது. அதற்கு விலையாக மொட்டின் மேல் செதில், பிசின், ரோமம் என்று ஏதாவது செலவு செய்கிறது. பீச் மரத்தின் மொட்டை லென்ஸில் பாருங்கள். ஏறத்தாழ 2 செ.மீ. நீளத்தில் ஈட்டிமுனையாக, ஒன்றன்மேல் ஒன்றாகச் செம்பழுப்புச் செதில்கள். வில்லோவுக்கு ஒரே ஒரு செதில்தான், தொப்பியாகக் கவிழ்ந்திருக்கும். எல்டர் புதரோ அரைகுறையாக மூடிய மொட்டோடு நிற்கும். மிதமான குளிர்காலமானால் ஜனவரியிலேயே இலை எட்டிப் பார்க்கும். அந்த இலை அடுத்த குளிரில் கருகினாலும் அது கவலைப்படுவதாகத் தெரியவில்லை, பின்னால் வேறு மொட்டுகள் வைத்திருக்கிறது.

மொட்டு தரைக்கு மேலே, ஆனால் 25 செ.மீ.க்குள் இருந்தால் கேமிஃபைட். ஹீத் நிலத்துக் குட்டைப் புதர்களான குரோபெரி, லிங்கன்பெரி போன்றவை இதில் சேரும். இவற்றின் கணக்கு வெண்பனியை நம்பியது. பஞ்சாக விழுந்த பனியில் காற்று நிறைய அடைபட்டிருப்பதால் வெப்பம் எளிதில் கடக்காது. 30 செ.மீ. பனி கிடந்தால் மேலே காற்று மைனஸ் 20 டிகிரிக்குப் போனாலும் தரைமட்டத்தில் சுழியத்துக்குச் சற்றுக் கீழேயே நிற்கும். பில்பெரிப் புதரின் பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளைநுனிகள் கருகி, பனிக்குள் இருந்தவை பிழைத்திருப்பதை மார்ச்சில் பார்க்கலாம். அந்தக் கருகல் கோடுதான் பனி கிடந்த உயரம்.

டென்மார்க்கின் சங்கடம் இங்கேதான். ஜனவரி, பிப்ரவரியின் சராசரி வெப்பநிலை சுழியத்தை ஒட்டியே இருப்பதால் பனி வரும், உருகும், திரும்ப உறையும். ஆனால் 1982 ஜனவரி 8 அன்று வட ஜட்லாந்தின் ஹோர்ஸ்டெட்டில் மைனஸ் 31.2 டிகிரி பதிவாகியிருக்கிறது. வடக்கே நிலையாகக் குளிரும் லாப்லாந்தைவிட, இப்படிப் பனியை நம்பியிருக்க முடியாத நாட்டில் தரைக்குச் சற்று மேலே மொட்டு வைப்பது ஆபத்து என்றுதான் நான் நினைக்கிறேன். டேனிஷ் செடிகளில் கேமிஃபைட்டுகள் ஏன் இவ்வளவு குறைவு என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். எண்களைப் பிறகு பார்ப்போம்.

மொட்டு சரியாகத் தரைமட்டத்தில், மண்ணோடு ஒட்டி, பாதி சருகுக்குள் இருந்தால் ஹெமிகிரிப்டோஃபைட். பெயர் வாயில் நுழையாது, ஆனால் வடக்கின் ராஜாக்கள் இவைதான். டாண்டிலையன், டெய்சி, பிளான்டேன், யாரோ, பெரும்பாலான புல்வகைகள், தொட்டால் அரிக்கும் நெட்டில் எல்லாம் இங்கே. டாண்டிலையனின் இலைகளை விலக்கி நடுவில் பாருங்கள். வட்டமாகத் தரையோடு படிந்த இலைகளுக்கு நடுவே, மண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் மேலே என்று சொல்லும்படி மொட்டு இருக்கும். வேர் சுருங்கி அதைக் கீழே இழுத்து வைத்திருக்கிறது. மண்ணின் வெப்பம், தன் பழைய இலை, மேலே விழும் சருகு, வந்தால் பனி என்று நான்கு காப்பும் இதற்குக் கிடைக்கின்றன. மேலே நிற்கும் தண்டை மாடு மேய்ந்தாலும் போகட்டும் என்று விட்டுவிடும். புல்வெட்டும் இயந்திரத்துக்கு டாண்டிலையன் அஞ்சாததற்கும் இதே காரணம்தான்.

மொட்டு மண்ணுக்கோ நீருக்கோ அடியில் இருந்தால் கிரிப்டோஃபைட். குளிர்காலத்தில் தரைக்கு மேலே எதுவுமே தெரியாது என்பதால் இவற்றைப் பதிவு செய்வதுதான் கஷ்டம். பீச் காட்டில் ஆனிமோனியின் தரையடித்தண்டு சருகுக்குச் சற்றுக் கீழே பழுப்பு நிறத்தில் கிடையாக ஓடும். பீச் இலை விடும் முன்பே, ஏப்ரலில், காடு முழுக்க வெள்ளையாகப் பூத்து, வெளிச்சத்தைக் குடித்து, மாவுச்சத்தைக் கீழே அனுப்பிவிடும். கோடை நடுவில் போனால் இலை கூட இருக்காது. ஒருவகையில் ஆனிமோனி தப்பிப்பது குளிரிடமிருந்து மட்டும் அல்ல, நிழலிடமிருந்தும்தான்.

நீர்ச் செடிகளில் நாணலும் சம்பும் சேற்றுக்குள் தண்டை வைத்திருக்கின்றன. ஃப்ராக்பிட் என்ற மிதவைச் செடி இலையுதிர்காலத்தில் தடித்த சின்ன மொட்டுகளைக் கழற்றிவிடும். அவை குளத்தின் அடியில் போய்ப் படுத்திருந்து வசந்தத்தில் மிதந்து மேலே வரும். மேலே பனிக்கட்டி மூடினாலும் அடியில் நீர் உறையாது என்பதை நம்பிய ஏற்பாடு.

நம் ஊர் வாசகர்களுக்கு இந்த வகை புதிதில்லை. செங்காந்தளும் கோரையும் மண்ணுக்குள் கிழங்கை வைத்துக்கொண்டு கோடையைக் கடப்பவைதான். ரௌங்கியேர் ‘மோசமான பருவம்’ என்று பொதுவாகச் சொன்னதால் குளிருக்குப் பதில் வறட்சியைப் போட்டாலும் முறை அப்படியே பொருந்தும்.

கடைசியாக, மொட்டே இல்லை, செடியே இல்லை, விதை மட்டும்தான் என்றால் தீரோஃபைட். அதாவது ஒருபருவச் செடி. காய்ந்த விதையில் உறைவதற்கு நீரே அதிகம் இல்லை என்பதால் கடுங்குளிர் அதை ஒன்றும் செய்யாது. பல விதைகளுக்கு ஈரத்தோடு சில வாரக் குளிர் கிடைத்தால்தான் முளைக்கவே வரும். அக்டோபரில் தப்பான வெயிலில் முளைத்துச் சாகாமல் இருக்க அது ஒரு பூட்டு. இந்தப் பூட்டு மரங்களின் விதைகளிலும் உண்டு. ஆஷ் மரத்தின் விதை பெரும்பாலும் விழுந்து இரண்டாவது வசந்தத்தில்தான் முளைக்கும்.

படி 4: ஏமாற்றும் செடிகள்

சில செடிகளைப் பார்த்தவுடன் முடிவு கட்டாதீர்கள். டிராபா வெர்னா என்ற கட்டைவிரல் உயரக் கடுகுக் குடும்பச் செடி இலையுதிர்காலத்திலேயே முளைத்து, சின்ன இலைவட்டமாகக் குளிரைத் தாண்டி, மார்ச், ஏப்ரலில் பூத்து, கோடைக்கு முன் செத்துவிடும். ஜனவரியில் பார்த்தால் ஹெமிகிரிப்டோஃபைட் மாதிரியே இருக்கும். ஆனால் அது ஒருபருவச் செடி. வேரைக் கவனியுங்கள்: ஒல்லியாக, நார்நாராக, பழைய இலைக்காம்புகளின் எச்சம் எதுவும் இல்லாமல் இருந்தால் சந்தேகப்படுங்கள். கோழிக்கீரை என்று நாம் சொல்லக்கூடிய ஸ்டெல்லாரியாவும் அப்படித்தான். மிதமான குளிர்காலத்தில் பூத்துக்கொண்டே இருக்கும்.

இருபருவச் செடிகளும் இந்த மாதிரி மயக்கம் தருபவை. முல்லீன் முதல் வருஷம் கம்பளி இலைவட்டமாகக் கிடந்து, குளிரை அனுபவித்தபின் இரண்டாவது வருஷம் ஆளுயரத்துக்குப் பூத்தண்டு விட்டுச் சாகும். இதை ஹெமிகிரிப்டோஃபைட்டில்தான் சேர்க்கிறார்கள். ஹீத் செடியான கல்லூனா நல்ல இடத்தில் அரை மீட்டருக்கு மேல் வளர்ந்து 25 செ.மீ. கோட்டைத் தாண்டிவிடும். அதனாலேயே பின்னால் வந்த சூழலியலாளர்கள் சிலர் கோட்டை 50 செ.மீ.க்கு உயர்த்தினார்கள். எந்தக் கோட்டை வைத்துக்கொண்டீர்கள் என்று குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்தால் போதும், சண்டை வேண்டாம்.

படி 5: மரமானால் பெயரையும் கண்டுபிடிக்கலாம்

இலையில்லாத மரத்துக்குப் பெயர் வைப்பது நினைப்பதைவிட எளிது. முதலில் மொட்டுகள் எதிரெதிரே ஜோடியாக இருக்கின்றனவா, மாறிமாறி இருக்கின்றனவா என்று பாருங்கள். டென்மார்க்கின் மரங்களில் ஜோடியாக இருப்பவை கொஞ்சம்தான்: ஆஷ், மேப்பிள் வகைகள், எல்டர் போன்ற சில. அதில் மொட்டு கரியைப் போலக் கறுத்திருந்தால் ஆஷ், வேறு யோசனையே வேண்டாம். மாறிமாறி இருப்பவற்றில், கிளைநுனியில் மொட்டுகள் கொத்தாகக் கூடியிருந்தால் ஓக். மொட்டுக்கே சின்னக் காம்பு இருந்து, பக்கத்தில் கறுப்பான குட்டிக் காய்களும் தொங்கினால் ஆல்டர். ஆண்பூச் சரங்கள் குளிர்காலம் முழுக்கத் தொங்கும் மரங்களில் ஹேசல் ஜனவரியிலேயே மகரந்தம் உதிர்க்கத் தொடங்கும்; மூக்கில் ஒவ்வாமை உள்ளவர்கள் லென்ஸ் இல்லாமலே கண்டுபிடித்துவிடுவார்கள். காய்ந்த பழுப்பு இலைகளை உதிர்க்காமல் பிடித்துக்கொண்டிருக்கும் இளமரங்கள் பெரும்பாலும் பீச் அல்லது ஓக்.

படி 6: உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

மொட்டின் இடத்தைக் கண்டுபிடித்தாயிற்று. ஆனால் பத்து மீட்டர் உயரத்தில், எந்தக் காப்பும் இல்லாமல் நிற்கும் பிர்ச் மொட்டு எப்படி உயிரோடு இருக்கிறது?

ஜூலையில் வெட்டிய பிர்ச் கிளையை மைனஸ் 10 டிகிரியில் வைத்தால் செத்துவிடும். அதே மரத்தின் ஜனவரிக் கிளை மைனஸ் 40-ஐ அலட்சியமாகத் தாங்கும். இடையில் நடப்பது ஒரு தயாரிப்பு. பகல் நீளம் குறைவதை இலைகள் உணர்ந்து வளர்ச்சியை நிறுத்தி மொட்டு கட்டுகின்றன. வெயில் இன்னும் இருக்கும்போதே, ஆகஸ்டு, செப்டம்பரில் இது தொடங்கிவிடும். பகல் நீளத்தை நம்புவது புத்திசாலித்தனம், ஏனென்றால் வெப்பநிலை ஏமாற்றும், நாள்காட்டி ஏமாற்றாது. அப்புறம் முதல் குளிர்கள் வந்து மீதியை முடிக்கும்: மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், செல்சவ்வின் கொழுப்புகள் குளிரிலும் இளகி நிற்கும்படி மாறும், நீரிழப்பைத் தாங்க உதவும் புரதங்கள் சேரும்.

பிறகு உறையும்போது ஒரு தந்திரம். செல்லுக்கு உள்ளே பனிக்கட்டி உருவானால் செல் கிழிந்து சாகும். ஆகவே பனிக்கட்டி முதலில் செல்களுக்கு இடைப்பட்ட வெளியில் உருவாகிறது; அங்கே இருக்கும் நீரில் கரைபொருள் குறைவு. அந்தப் பனிக்கட்டி செல்லுக்குள் இருக்கும் நீரை மெல்ல வெளியே இழுக்கிறது. உள்ளே மிஞ்சுவது பாகாகக் கெட்டிப்பட்ட சர்க்கரைக் கரைசல், அது உறைவதில்லை. செல் சுருங்கி உலர்ந்து உயிரோடு இருக்கிறது. ஒருவகையில் கடுங்குளிரைத் தாங்குவதும் வறட்சியைத் தாங்குவதும் ஒரே வித்தைதான். இதன் எல்லை எதுவரை என்று ஜப்பானிய ஆய்வாளர் அகிரா சாகாய் காட்டியிருக்கிறார்: படிப்படியாக உறையவைத்த வில்லோ, பாப்லர் கிளைகளை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் முக்கியெடுத்தும் அவை உயிரோடு இருந்தன. அதை 1960-இல் வெளியிட்டார்.

எல்லா மரமும் இந்த வழியில் போவதில்லை. ஓக், மேப்பிள், ஆஷ் போன்றவற்றின் மரக்கட்டைக்குள் இருக்கும் உயிர்ச்செல்கள் நீரை வெளியே விடுவதில்லை. உறைநிலைக்கு வெகு கீழேயும் நீராகவே வைத்திருக்கின்றன. பனிக்கட்டிக்கு விதையாக எதுவும் கிடைக்காத வரை நீர் அப்படி நிற்கும். ஆனால் மைனஸ் 40-ஐ ஒட்டி அது தானாகவே உறைந்துவிடும், அதற்குக் கீழே இந்த வழி செல்லாது. இந்த மரங்கள் வடக்கே ஏறத்தாழ அந்தக் குளிர் வரும் எல்லையோடு நின்றுவிடுவதும், அதற்கு அப்பால் பிர்ச், ஆஸ்பென், ஸ்ப்ரூஸ், லார்ச் மட்டும் தொடர்வதும் இதனால்தான் என்று விளக்குகிறார்கள்.

இன்னொரு பிரச்சினை குழாய். மரத்தின் நீர்க்குழாய்க்குள் நீர் உறையும்போது கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரியும். உருகும்போது அந்தக் குமிழி விரிந்து குழாயை அடைத்துவிடும். குழாய் ஒல்லியாக இருந்தால் குமிழியும் சின்னது, திரும்பக் கரைந்துவிடும். விட்டம் சுமார் 30 மைக்ரோமீட்டருக்குள் இருப்பவை தப்புகின்றன, 40-ஐத் தாண்டியவை மாட்டிக்கொள்கின்றன. ஊசியிலை மரங்களின் குழாய்கள் ஒல்லி. ஓக்கின் வசந்தகாலக் குழாய்கள் வெறுங்கண்ணுக்கே துளையாகத் தெரியும் அளவுக்கு அகலம். முதல் கடும் உறைபனியிலேயே அத்தனையும் போச்சு. ஓக் என்ன செய்கிறது தெரியுமா? ஒவ்வொரு வசந்தத்திலும் புதிதாக ஒரு வளையம் குழாய் போட்டுக்கொள்கிறது. ஓக் தாமதமாக இலை விடுவதற்கு இது முக்கியமான காரணம். பிர்ச் வேறு மாதிரி: இலை விடும் முன்பே வேரிலிருந்து அழுத்தத்தோடு நீரை ஏற்றிக் குமிழிகளைக் கரைத்துவிடும். மார்ச்சில் பிர்ச் மரத்தில் துளையிட்டால் சாறு சொட்டுவது அந்த அழுத்தத்தால்தான்.

பூக்கும் செடிகள் வெப்பமண்டலத்திலிருந்து குளிர்நிலத்துக்கு எப்படிக் குடியேறின என்பதை ஆமி ஸான் தலைமையில் ஒரு குழு 2014-இல் பெரிய அளவில் ஆராய்ந்தது. மூன்று வழிகள் தெரிந்தன: தரைக்கு மேலே உள்ளதைச் சாகவிட்டுக் கீழே இருந்து முளைப்பது, இலை உதிர்ப்பது, ஒல்லிக் குழாய் வைத்திருப்பது. சுவாரசியம் என்னவென்றால், மரமாகாத மென்தண்டுத் தன்மையும் ஒல்லிக் குழாயும் பெரும்பாலான பரம்பரைகளில் குளிரைச் சந்திப்பதற்கு முன்பே இருந்தன. வேறு எதற்கோ வந்த குணம், குளிர் வந்தபோது கைகொடுத்தது. இலை உதிர்ப்பது மட்டும் பெரும்பாலும் குளிருக்குள் போன பிறகு வந்தது.

இலை உதிர்க்காத ஜூனிப்பர், லிங்கன்பெரி போன்றவற்றுக்குக் குளிரைவிட வெயில்தான் தலைவலி. மண் உறைந்து வேர் நீர் எடுக்க முடியாத பிப்ரவரி நடுப்பகலில் இலை மேல் வெயில் அடித்தால் நீர் போகும், திரும்ப வராது. மெழுகுப் பூச்சு, மூடிய இலைத்துளைகள், வாங்கிய ஒளியை வெப்பமாக வெளியேற்றும் நிறமிகள் என்று அவை சமாளிக்கின்றன. மார்ச்சில் பழுத்துக் கருகிய ஊசியிலையைப் பார்த்தால் ‘குளிரில் செத்தது’ என்று எழுதிவிடாதீர்கள். தெற்குப் பக்கம் மட்டும் கருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஜனவரியில் நடுவே ஒரு வாரம் பத்து டிகிரிக்கு ஏறினால் மொட்டுகள் ஏன் விரிவதில்லை? போதுமான அளவு குளிர்நாட்கள் சேரும்வரை அவை வெப்பத்துக்குக் காதுகொடுப்பதில்லை. பீச்சுக்குக் குளிரும் நிறைய வேண்டும், பகலும் நீள வேண்டும். அதனால்தான் அது மே தொடக்கம் வரை அசையாது. ஹேசலுக்குக் குளிர் கொஞ்சம் போதும்.

படி 7: எண்ணிப் பாருங்கள்

தனிச் செடிகள் பழகியதும் ஓரிடத்தை மொத்தமாக எடுங்கள். ரௌங்கியேர் 0.1 சதுர மீட்டர் வட்டங்களைப் பயன்படுத்தினார். சுமார் 18 செ.மீ. ஆரமுள்ள கம்பி வளையம் செய்துகொண்டால் அதே அளவு. புல்வெளியில் பல இடங்களில் அதைப் போட்டு, உள்ளே வரும் இனங்களை வாழ்வுவடிவத்தின்படி எழுதுங்கள். கடைசியில் ஒவ்வொரு வடிவத்திலும் எத்தனை இனம் என்று சதவீதம் போடுங்கள். எத்தனை தனிச்செடி என்று எண்ணக் கூடாது, எத்தனை இனம் என்பதே கணக்கு.

ஒப்பிட ரௌங்கியேரின் எண்கள்: உலகம் முழுவதற்கும் சேர்த்து ஃபேனரோஃபைட் 46, கேமிஃபைட் 9, ஹெமிகிரிப்டோஃபைட் 26, கிரிப்டோஃபைட் 6, தீரோஃபைட் 13 சதவீதம். டென்மார்க்கின் 1,084 இனங்களுக்கு அதே வரிசையில் 7, 3, 50, 22, 18. வடதுருவத்தை ஒட்டிய ஸ்பிட்ஸ்பெர்கனில் 110 இனங்களே. அவற்றில் ஃபேனரோஃபைட் 1, கேமிஃபைட் 22, ஹெமிகிரிப்டோஃபைட் 60, கிரிப்டோஃபைட் 15, தீரோஃபைட் 2 சதவீதம். வெப்பமண்டல செஷல்ஸ் தீவுகளிலோ 61 சதவீதம் ஃபேனரோஃபைட்.

இந்த எண்களில் கொஞ்சம் நின்று பாருங்கள். மரங்கள் வடக்கே போகப் போகச் சரிகின்றன, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் கேமிஃபைட் டென்மார்க்கில் 3, ஸ்பிட்ஸ்பெர்கனில் 22. அங்கே சில சென்டிமீட்டர் உயரமே உள்ள துருவ வில்லோ, ட்ரையஸ், மெத்தையாகத் தடித்துக் கிடக்கும் சைலீன் எல்லாம் தரையை ஒட்டிய சூடான காற்றுப்படலத்துக்குள் வாழ்கின்றன. ஒருபருவச் செடிகள் 2 சதவீதத்துக்குச் சுருங்கியதற்குக் காரணம் குளிரைவிடக் கோடையின் குறுகல்: முளைத்து, பூத்து, விதை முற்ற அங்கே நேரமில்லை. கோனிஜியா இஸ்லாண்டிகா என்ற விரலளவுச் செடி, அதைச் செய்து முடிக்கும் மிகச் சில விதிவிலக்குகளில் ஒன்று.

உங்கள் ஊர்ப் புல்வெளியில் தீரோஃபைட் பங்கு டென்மார்க்கின் 18-ஐவிட மிக அதிகமாக வந்தால், மண்ணை யாரோ அடிக்கடி கிளறுகிறார்கள் என்று அர்த்தம். வயலோரம், பாதையோரம், கட்டுமான இடம் எல்லாம் அப்படித்தான் வரும். காட்டுக்குள் கிரிப்டோஃபைட் குறைவாக வந்தால் உங்கள் கணக்குதான் தப்பாக இருக்கும். மண்ணுக்குள் இருப்பது ஜனவரியில் கண்ணில் படாது.

அதனால் அதே இடங்களுக்கு ஏப்ரல் நடுவில் ஒருமுறை போயே ஆக வேண்டும். டிராபா வெர்னா காயோடு இருக்கும், பீச் காட்டில் ஆனிமோனி பூத்திருக்கும், நீங்கள் ஹெமிகிரிப்டோஃபைட் என்று எழுதிய இலைவட்டங்களில் எவை பூத்து முடிகின்றன, எவை நடுவில் புது இலை விடுகின்றன என்று அப்போது பிரித்துவிடலாம். பழைய பதிவை அழிக்காமல் பக்கத்திலேயே வேறு நிறத்தில் திருத்துங்கள். ஜூன் வரை தள்ளிப்போட்டால் இந்த இரண்டு செடிகளும் கிடைக்காது, அடுத்த வருஷம்தான்.